பெட்டகத்து ரிவால்வர்: அசலா என்று பார்ப்பதும் அதன் பூர்வீகம் தேடுவதும்

செட்டிநாட்டு வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் எது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. பர்மா அரக்குப் பாத்திரம் வரும், செக் எனாமல் தூக்கு வரும், சில வீடுகளில் தோல் உறையோடு ஒரு ரிவால்வரும் வரும். கூடவே ஒரு கதையும் வரும்.

"இது எங்க ஐயா பர்மாவிலேர்ந்து நடந்து வந்தப்ப இடுப்புல சொருகிக்கிட்டு வந்தது தம்பி" என்றார் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, நம்மவர்கள் பலர் கால்நடையாகவே இந்தியா வந்து சேர்ந்தார்கள் என்பதெல்லாம் உண்மைதான். அந்த ரிவால்வர் அப்படி வந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் ரிவால்வரின் மேலேயே அடித்து வைத்திருந்தது. அதை வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் லைசென்ஸ்

இதில் சமரசமே இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய ரிவால்வரை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். "நூறு வருஷப் பழசு, அதனால் வேண்டாம்" என்று பலர் சொல்வார்கள். சட்டம் தரும் விலக்கு வயதை வைத்து இல்லை. பழைய வகையோ, தொல்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. எண்ணெய் போட்டால் ஓடும் என்ற நிலையில் இருப்பது விலக்கில் வராது.

லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், ஆயுதத்தை உள்ளூர்க் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம் வாரிசு, கலெக்டர் அலுவலகத்தில் மனுப் போடலாம். காரைக்குடி, தேவகோட்டை என்றால் சிவகங்கை. சில ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் வரும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழி இருக்கிறது. ஆனால் .455, .380 (அங்குலக் கணக்கில் சொல்லும் குழல் வாய் அளவு) ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருப்பவை, அவற்றுக்கு நடைமுறை இன்னும் கெடுபிடி. நம் பக்கத்து வீடுகளில் .32 அதிகம் பார்க்கக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைசென்ஸே இல்லாமல் பெட்டகத்தில் ஒன்று கிடைத்தால், அதைக் காரில் போட்டுக்கொண்டு என்னிடமோ வேறு யாரிடமோ காட்ட வராதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு, காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தோல் உறையும் அலங்காரத் துப்பாக்கியும் பேரம் பேசி வாங்கலாம். சுடும் ரிவால்வர் அந்த மாதிரி வாங்கும் பொருள் இல்லை.

புளியைத் தூர வையுங்கள்

நம் வீடுகளில் பழைய உலோகம் எதைக் கண்டாலும் புளியும் சாம்பலும் கையில் எடுத்துவிடுகிறார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. ரிவால்வரின் நீலப் பூச்சு புளிக்குத் தாங்காது. அதைவிட மோசம், தேய்க்கத் தேய்க்க முத்திரைகளின் விளிம்பு மழுங்கும். ஒரு முறை ஒரு வீட்டில் "உங்களுக்குக் காட்டணும்னு நல்லா தேச்சு வச்சிருக்கேன்" என்று பளபளவென்று எடுத்து நீட்டினார்கள். பாதி எழுத்துகள் போயிருந்தன. துடைக்க வேண்டுமானால் மெல்லிய பருத்தித் துணியும் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெயும் போதும்.

பார்ப்பதை லைசென்ஸ்தாரர் முன்னிலையிலோ, ஒப்படைத்திருக்கும் கடையிலோ செய்யுங்கள். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லி, தோட்டா போடும் சிலிண்டரின் எல்லா அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. இங்கிலாந்தின் வெப்ளி கம்பெனி வகை நடுவில் மடிந்து திறக்கும். அமெரிக்க வகைகளில் பெரும்பாலும் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். சுட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

தேவைப்படும் சாமான்கள் கொஞ்சம்தான். டார்ச், பூதக்கண்ணாடி, அளவுகோல், ஒரு துண்டு வெள்ளைச் சாக்பீஸ். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். சாக்பீஸை லேசாகத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எது வரிசை எண்?

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன். ஒரு அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரில், சிலிண்டரைத் தாங்கும் கையைத் திறந்ததும் உள்ளே பளிச்சென்று ஓர் எண் தெரிந்தது. அதையே வரிசை எண் என்று குறித்து, கட்டணம் கட்டி, பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தரச் சொல்லி எழுதினேன். அது தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சேர்த்து வைக்கப் போடும் உள் எண். வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருந்தது. தவறு முழுக்க என்னுடையது, காசும் போயிற்று.

ஸ்மித் அண்ட் வெஸன் என்றால் கைப்பிடியின் அடியில் பாருங்கள். பழைய ரிவால்வர்களில் அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடிப்பக்கத்திலும் இருக்கும். மரப்பிடியைக் கழற்றினால் வலப்பக்கப் பலகையின் உட்புறத்தில்கூட இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் பாகம் மாறவில்லை என்று அர்த்தம். 1957க்குப் பிறகு வந்தவற்றில், நான் ஏமாந்த அதே இடத்தில் மாடல் எண்ணும் இருக்கும். அதையும் வரிசை எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கோல்ட்டின் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வர்களில் கதை தலைகீழ். அங்கே சிலிண்டர் கையைத் திறந்தால் தெரியும் எண்தான் வரிசை எண்.

வெப்ளியில் பிரேமில் (உடல் சட்டத்தில்) ஓர் எண், சிலிண்டரில் ஓர் எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எப்போதோ பட்டாளத்துப் பட்டறையில் சிலிண்டர் மாற்றியிருப்பார்கள். அது மோசடி ஆகாது, மதிப்பு மட்டும் இறங்கும்.

எண் கிடைத்ததும் லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். பழைய குமாஸ்தாக்கள் பேட்டன்ட் எண்ணையும் பட்டாளத்து அலமாரி எண்ணையும் வரிசை எண் என்று எழுதிவிட்டது உண்டு. பொருந்தவில்லை என்றால் அதை மறைக்காமல், கடைக்காரரிடம் எழுத்து மூலம் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் திருத்தம் கேளுங்கள். எண்ணை அரத்தால் அழித்த தடயம் இருந்தாலோ, மேலே புதிதாக அடித்திருந்தாலோ தொடவே வேண்டாம். அடையாள எண் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பதையே சட்டம் குற்றம் என்கிறது.

முத்திரைகளை வாசிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கி எதுவும் பரிசோதனைச் சாலைக்குப் போகாமல் கடைக்கு வர முடியாது. லண்டனில் ஒன்று, 1813 முதல் பர்மிங்காமில் ஒன்று. அதிக வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால் முத்திரை அடிப்பார்கள். பர்மிங்காமின் பழைய முத்திரை கிரீடத்தின் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள். 1904இலிருந்து கிரீடமும் அதன் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகளும். பி.என்.பி. வந்தது 1954இல். என் என்பது புகையற்ற மருந்தைக் குறிக்கும். ஆகவே பி.என்.பி. எழுத்தைப் பார்த்தால் 1954க்கு முன் அடித்த முத்திரை இல்லை.

கம்பெனிப் பெயரும் காலம் சொல்லும். 'பி. வெப்ளி அண்ட் சன்' என்றிருந்தால் 1897க்கு முன். அந்த ஆண்டில்தான் ஸ்காட் கம்பெனியோடு சேர்ந்தார்கள். 'வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட்' என்று சுருக்கமாக இருந்தால் 1906க்குப் பின்.

பட்டாளத்துக்காகச் செய்த .455 வெப்ளிகள் மார்க் 1 முதல் மார்க் 6 வரை. முதலாவது 1887, கடைசி 1915. மார்க் 6இன் குழல் 6 அங்குலம். முதல் உலகப்போரில் செய்ததில் பிரேமின் இடப்பக்கம் ஆண்டையே அடித்திருப்பார்கள். 1921 முதல் 1926 வரை அதே மார்க் 6ஐ என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் செய்தது. 1932இல் என்ஃபீல்டு .38க்கு மாறினார்கள். சுத்தியலின் பின்னால் கட்டைவிரல் வைக்கும் கொம்பு இல்லாத என்ஃபீல்டைப் பார்த்துவிட்டு "யாரோ வெட்டிட்டாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். 1938இலிருந்து அப்படியேதான் செய்தார்கள்.

அகன்ற அம்புக்குறி இருந்தால் சர்க்கார் சொத்து. அம்புக்கடியில் ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய சர்க்கார். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், சர்க்கார் அதை விற்றுக் கழித்துவிட்டது என்று பொருள். தனியார் வீட்டில் இருக்கும் ரிவால்வரில் அந்த இரட்டை அம்பைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆச்சி வீட்டு ரிவால்வருக்கு வருவோம். அது அப்போது துப்பாக்கிக் கடையில் ஒப்படைப்பில் இருந்தது. வெப்ளி மார்க் 4, .38. மேலே சொன்ன .455 வரிசையின் மார்க் 4 இல்லை, இது வேறு. பிரேமில் 'வார் ஃபினிஷ்' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெருகு போட நேரமில்லாமல் அனுப்பியதற்கு வெப்ளி கம்பெனி சொன்ன சமாதானம் அது. கரடுமுரடாக இருக்கிறதே, போலியோ என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று தாங்களே எழுதி வைத்தார்கள். சரி, போர்க்காலம் என்றால் 1942க்குச் சற்று முன்பே வந்திருக்கலாமே என்று நினைத்தேன். டார்ச்சைச் சாய்த்ததும் குழலில் இன்னொரு வரி தெரிந்தது. '.38', பக்கத்தில் '.767', அப்புறம் 'மூன்றரை டன்'. .767 அங்குலம் தோட்டாக் கூட்டின் நீளம், டன் கணக்கு அழுத்தம். பட்டாளத்திலிருந்து கழித்த துப்பாக்கியை இங்கிலாந்தில் பொதுவியாபாரத்துக்கு விடுமுன், பரிசோதனைச் சாலையில் மறுபடி சோதித்து அடிப்பது அது. அதாவது அந்த ரிவால்வர் போர் முடிந்து பர்மிங்காமில் நின்றுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறது. 1942இல் அரக்கான் மலைப்பாதையில் யார் இடுப்பிலும் அது இருந்திருக்க முடியாது.

அதை அன்றைக்கே ஆச்சியிடம் சொல்லவில்லை. வீட்டுக் காகிதங்களைப் பார்க்காமல் சொல்லக்கூடாது.

விற்ற கடையின் பெயரையும் தேடுங்கள். பிரேமின் மேல்பட்டையிலோ குழலின் மேலோ பொறித்திருப்பார்கள். மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் நமக்குக் கடிகாரக் கடை. அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள், ரங்கூனிலும் கிளை இருந்தது. கல்கத்தா ரோடா கம்பெனிப் பெயர் இருந்தால் உடனே 1914 ஆகஸ்ட் 26 ஆயுதக் கொள்ளையோடு முடிச்சுப் போட்டு விலை ஏற்றுவார்கள். அன்று புரட்சிக்காரர்கள் கொண்டுபோனவை 50 மாவுசர் பிஸ்டல்கள். ரிவால்வருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிங்கப்பூரில் லேவாதேவி செய்த குடும்பமென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கப்பூர் போலீசுக்கென்றே பாதுகாப்புப் பொத்தான் வைத்து வெப்ளி மார்க் 4 செய்து கொடுத்தார்கள். மற்ற வெப்ளிகளில் அந்தப் பொத்தானைப் பார்ப்பது அரிது. அதனால் "இது பின்னால் வைத்தது" என்று அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம்.

போலியும் அரைப்போலியும்

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் வெப்ளியின் 'புல்டாக்' குட்டி ரிவால்வரைப் பார்த்து ஏராளமாகச் செய்தார்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகள் இருந்தால் அது லியேஜ் பரிசோதனை முத்திரை. பழசுதான், ஆனால் வெப்ளி இல்லை. ஸ்பெயினின் ஐபார் ஊர்க்காரர்கள் இன்னும் சாமர்த்தியம். இந்தத் தோட்டாதான் பொருந்தும் என்று சொல்லும் சாக்கில் ஸ்மித் அண்ட் வெஸன் பெயரைக் குழலில் பெரிதாக அடித்துவிடுவார்கள். முழு வரியையும் படியுங்கள். பிரிட்டிஷ் பட்டாளமே முதல் உலகப்போரில் துப்பாக்கி பற்றாமல் ஸ்பெயினிலிருந்து ரிவால்வர் வாங்கியிருக்கிறது. ஆகவே ஸ்பானிஷ் ரிவால்வரின் மேல் அம்புக்குறி இருந்தால் அதுவே அதன் சரித்திரம்.

கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே செய்தவை எழுத்தில் மாட்டிக்கொள்ளும். என் என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், கிரீடம் தக்காளி மாதிரி இருக்கும், வரி கோணலாக ஓடும்.

நம் ஊரில் அதிகம் நடப்பது வேறு. கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வர் வெப்ளி மார்க் 4இன் சாயலில் இருக்கும். அதைக் காட்டி "வெள்ளைக்காரன் காலத்து வெப்ளி" என்பார்கள். நல்ல சாமான்தான், பழம்பொருள் இல்லை.

பூச்சு, பிடி, குழல்

மறுபடி நீலம் போட்டதா என்று பார்க்க எழுத்துகளைப் பாருங்கள். முதல் பூச்சில் எழுத்தின் விளிம்பு கூராக இருக்கும். தேய்த்துவிட்டுப் போட்ட பூச்சில் விளிம்பு உருண்டு, ஸ்க்ரூ துளையைச் சுற்றி சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும். துருக்குழிக்குள்ளும் நீலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நிக்கல் பூச்சுள்ள பழைய ஸ்மித் அண்ட் வெஸனில் சுத்தியலும் ட்ரிக்கரும் நிக்கல் ஆகாமல்தான் தொழிற்சாலையிலிருந்து வரும். எல்லாமே பளபளத்தால் பிற்பாடு முக்கியது.

குழல் நீளத்தை முனையிலிருந்து சிலிண்டரின் முன்முகம் வரை அளக்க வேண்டும். மார்க் 6 நான்கு அங்குலத்தில் இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன் குறி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். தந்தப் பிடி போட்டிருந்தால் அழகுதான். ஆனால் வனவிலங்குச் சட்டப்படி தந்தம் விற்க முடியாது, அது தனித் தலைவலி.

உறைக்குள் பழைய தோட்டா கிடந்தால் அதுவும் லைசென்ஸ் சமாசாரம்தான். அதன் அடியில் கே.எஃப். எழுத்து இருந்தால் புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை. அது தோட்டாவின் வயது. அதை வைத்து ரிவால்வருக்கு வயது சொல்லாதீர்கள்.

தொழிற்சாலைக்கு எழுதுவது

அமெரிக்க ரிவால்வர் என்றால் அதிர்ஷ்டம். ஸ்மித் அண்ட் வெஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷன் கட்டணம் வாங்கிக்கொண்டு, பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறது. கோல்ட் கம்பெனிக்கும் இப்படி ஆவணப் பிரிவு உண்டு. எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுப் போனது, யாருக்கு அனுப்பினார்கள், குழல் நீளம் என்ன, நீலமா நிக்கலா, பிடி எது என்று கடிதத்தில் இருக்கும். கையில் இருப்பது நிக்கல், கடிதம் நீலம் என்று சொன்னால் விஷயம் முடிந்தது.

வரிசை எண், எல்லா முத்திரைகளின் படம், இரண்டு பக்கப் படம், அளவுகள் ஆகியவற்றை அனுப்புங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் விடாதீர்கள். வி என்று தொடங்கினால் அது இரண்டாம் உலகப்போர் 'விக்டரி' மாடல், நேசநாடுகளுக்கு நிறையப் போனது. இன்னொன்று, கடிதத்தில் வரும் தேதி அனுப்பிய தேதி. கிடங்கில் வருடக்கணக்கில் தூங்கிய ரிவால்வரும் உண்டு. எண் வரிசைப்படியே அனுப்பினார்கள் என்றும் நினைக்க வேண்டாம்.

கடிதம் பெரும்பாலும் ஒரு மொத்த வியாபாரியின் பெயரோடு நின்றுவிடும். அதற்கு மேல் அமெரிக்காவில் இருப்பவருக்கு வழி அடைத்துவிடும். நமக்கு அடைப்பதில்லை.

பேரேட்டைத் திறங்கள்

ஒரு அணா செலவையும் எழுதி வைத்த சமூகம் இது. ரிவால்வர் வாங்கியிருந்தால் எங்கோ பற்று எழுதியிருப்பார்கள். பேரேடு, குறிப்பு, கடை விலாசம் போட்ட கடிதக்கட்டு, லைசென்ஸ் புதுப்பித்த சலான் எல்லாவற்றையும் தேடுங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரசீதுகளை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அவை பொக்கிஷம். பெயர், எண், அளவு, தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்கும். உறையின் உட்புறத்தையும் பாருங்கள், பாத்திரத்தில் வெட்டுவது மாதிரி விலாச எழுத்து, அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகள், இருக்கலாம். பர்மா லைசென்ஸ் கிடைத்தால் தேதியைக் கவனியுங்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடுதான் இருந்தது.

பேரேட்டில் தமிழ் வருஷம் எழுதியிருப்பார்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை மறந்தால் கணக்குக் கவிழ்ந்துவிடும். ஆச்சி வீட்டில் மூன்றாவது நாள் அது அகப்பட்டது. துன்முகி வருஷம் ஆவணி மாதம், மெட்ராஸ் துப்பாக்கிக் கடைப் பற்றில் 'ரிவால்வர் 1' என்று எழுதி, பக்கத்தில் எண்ணும் போட்டிருந்தார்கள். பிரேமில் இருந்த அதே எண். துன்முகி 1896இலும் வந்தது, 1956இலும் வந்தது. போர்க்கால மார்க் 4 .38க்கு 1896 பொருந்தாது. ஆக, 1956 ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில்.

"அப்ப ஐயா நடந்து வரலையா?" என்றார் ஆச்சி.

"ஐயா நடந்துதான் வந்திருப்பார் ஆச்சி. இது பதினாலு வருஷம் கழிச்சு மெட்ராஸிலேர்ந்து வந்தது."

கொஞ்ச நேரம் பேரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இடுப்புல சொருகிக்கிட்டு வந்தது வேற ஒண்ணு. அதையும் தேடணும்" என்றார். தேடச் சொன்னேன், கிடைத்தால் தொட வேண்டாம் என்றும் சொன்னேன்.

அந்த வீட்டுக் கோப்பில் இப்போது இருப்பவை: முத்திரைப் படங்கள் பதினொன்று, பேரேட்டுப் பக்கத்தின் நகல், லைசென்ஸ் புத்தகத்தின் நகல், ஒப்படைப்பு ரசீது. அப்புறம் ஆச்சி சொன்ன கதை, அவர் வார்த்தையிலேயே, தேதி போட்டு, மேலே 'சொல்லக் கேட்டது' என்று எழுதிய தனித்தாள்.